புதிய உறுப்பும் பழைய விசிறியும்

கோடை வெயில் காயும் நாட்களில் மின்விசிறியின் அருமையை அறியாதார் இலர். அது சுழன்றுகொண்டிருக்கும் வரையில் அதனை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டாலோ, வீடு முழுவதும் அதனையே அண்ணாந்து பார்க்கும்.

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில் எம் இல்லத்தில் அந்நிலை நேர்ந்தது. முதுமையால் படுக்கையிலிருந்த என் தந்தையாரின் அறையில் விசிறி முனகிற்றேயன்றிச் சுழலவில்லை. கோலால் இறக்கையைத் தள்ளிவிட்டால் மட்டும் சோம்பலாகச் சுற்றிற்று.

இக்குறைக்குப் பெரும்பாலும் காரணமாவது மின்தேக்கி என்னும் சிறு உறுப்பாகும். கடைவீதியில் இதனைக் 'கண்டென்சர்' என்பர். வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம் ஒரு கம்பிச்சுருளில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் முன்னும் பின்னுமாக மாறுமேயன்றிச் சுழலாது. ஆதலால் மோட்டாரில் இரண்டு சுருள்களை அமைத்து, இரண்டாவதனோடு மின்தேக்கியைத் தொடராக இணைத்துள்ளனர். அதன் வழிச் செல்லும் மின்னோட்டம் மற்றதனினும் ஏறத்தாழக் கால் சுற்று முந்தி நிற்கும். இருவர் முறைவைத்துத் தள்ளத் திரிகை சுழல்வது போல, இவ்விரண்டின் இழுப்பால் விசிறி சுழல்கின்றது.

மின்தேக்கியின் உள்ளே, உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் ஏடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஏட்டில் எங்கேனும் துளை விழுந்தால், அவ்விடத்து உலோகப்பூச்சு ஆவியாகித் துளையைத் தனிப்படுத்திவிடும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் இவ்வியல்பு வியக்கத்தக்கதே. ஆயினும் ஒவ்வொரு முறையும் கொள்ளளவு சிறிது குறையும். அது மிகக் குறைந்தால் விசிறி வேகங்குன்றும். பின்னர்ப் புறப்படவும் இயலாது.

என் மருகன் கைப்பேசி வழியே இணைய அங்காடியில் ஐந்து மின்தேக்கிகள் கொண்ட பொதி ஒன்றை வாங்கினான். கடையில் ஒன்றுக்குக் கேட்கும் விலைக்கு அங்கே ஐந்து கிடைத்தன. உறையின்மேல் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அழகுற அச்சிட்டிருந்தனர். ஒன்றைப் பொருத்தினோம். விசிறி புறப்பட்டது, ஆனால் முழு வேகத்தில் வைத்தும் இறக்கைகளை எண்ணலாம் போலிருந்தது.

"புதியது போட்டும் ஓடவில்லையே, மோட்டார்தான் எரிந்திருக்கும், மாமா" என்றான் மருகன். பார்க்க வந்த மின்பணியாளரும் சுருள் மாற்ற வேண்டும் என்றார். புதியதைக் குற்றங்கூற எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. விசிறியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவும் துணிந்தோம். தந்தையாரோ, "அதைக் கழற்ற வேண்டா" என்று மட்டும் சொன்னார். அவ்விசிறி அவர் தம் முதற் சேமிப்பில் வாங்கியது.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். முதற்கண் வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்தேன். சுவர்ச் சுவிட்சை மட்டும் நம்புதல் தகாது. மின்தேக்கியில் எஞ்சிய மின்னூட்டத்தை ஒரு மின்தடையின் வழியே வெளியேற்றினேன். இறக்கையைக் கையால் சுழற்றியபோது தடையின்றிச் சுழன்றது. தாங்குருளைகள் செம்மையாக இருந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை விலக்கி இணைத்தும் நிலை மாறவில்லை. கூடத்து விசிறியும் அதே வகையினது. அதன் மின்தேக்கியைக் கழற்றி இங்கே பொருத்தினேன். தந்தையாரின் விசிறி காற்றாய்ப் பறந்தது. பின்னர் ஐயத்துக்குரிய புதியதைக் கூடத்து விசிறியில் இட்டேன். நேற்றுவரை நன்கு ஓடிய அதுவும் தளர்ந்து தள்ளாடிற்று. நோய் மோட்டாரினுடையது அன்று, மருந்தினுடையது.

கொள்ளளவு காட்டும் மல்டிமீட்டரை இரவல் வாங்கி ஐந்தனையும் அளந்தோம். நல்ல மின்தேக்கி, குறித்த அளவினின்றும் நூற்றுக்கு ஐந்து பங்களவே கூடவோ குறையவோ செய்யும். இவற்றுள் மிகுந்தது 1.7; குறைந்தது 1.2. நாங்கள் கழற்றி எறிந்த பழையதைக் குப்பைக் கூடையினின்றும் எடுத்து அளந்தபோது அது 1.1 காட்டியது. மருகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

440 வோல்ட் என்பதையும் நான் ஐயுற்றேன். ஓடும் விசிறியில் மின்தேக்கியின் முனைகளுக்கிடையே தோன்றும் அழுத்தம், வீட்டுக்கு வரும் அழுத்தத்தினும் மிகுதியாகும். அதனாலேயே அத்துணை தாங்குதிறன் வேண்டியிருக்கின்றது. அதனை வீட்டில் அளந்தறியும் வழி எம்மிடம் இல்லை. கொள்ளளவில் பொய்த்த அச்செழுத்தை அழுத்தத்தில் மட்டும் நம்புவது எவ்வாறு? ஐந்தனையும் கம்பிகளை வெட்டி விலக்கினோம்.

மறுநாள் கடைவீதியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒன்றை வாங்கி, பொருத்துமுன் அளந்தோம். 2.46 என்று காட்டிற்று. அன்றிரவு தந்தையார் போர்வை கேட்டார்.