வாள் எடுக்காத ஆட்டம்

கேள்வி: ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களில் சண்டையே இல்லாமல், பேச்சும் சூழ்ச்சியுமாக மெதுவாக நகரும் கட்டங்கள் போரடிக்காதா?
- ஒரு வாசகர், கரோல் பாக், டில்லி

பதில்: பேசுவதால் எதுவும் மாறாது என்றால் போரடிக்கும், மாறும் என்றால் வாள்வீச்சைவிட விறுவிறுப்புதான். நம் நாட்டு பைரோடாக்டில் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’டைப் பாருங்கள். பஞ்சத்தில் வாடும் பீம்ரா என்ற கற்பனை நகரம். சண்டையைப் பெரும்பாலும் தவிர்த்தே ஆடிவிடலாம். எதிராளிக்கு நம்மீதுள்ள நட்பு, மரியாதை, பயம் மூன்றும் நம் பதில்களுக்கேற்ப ஏறி இறங்குவது திரையிலேயே தெரியும். நாகர்களின் தூதராகப் பேரம் பேசும்போது கொஞ்சம் மிரட்டிப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு நெருக்கப்படும் ஏழைப் பெண்ணாக ஆடும்போது மிரட்ட ஏது வழி? ஆள் மாறினால் அதே மூன்று அளவுகோல்களும் வேறு கணக்காகிவிடுகின்றன.

“இதற்கு நாவலே படிக்கலாமே” என்பார்கள். நாவலில் வார்த்தையை விட்டு மாட்டிக்கொள்வது பாத்திரம், இங்கே நாம். அந்தப் பதற்றம்தான் சுவை. ஆனால் ஓலையைக் கொடுத்துத் தெருக்கோடிக்கும் அரண்மனைக்கும் அலையவிட்டு, அதற்கு ‘அரசியல்’ என்று பெயர் சூட்டும் கேம்களும் உண்டு; அவற்றைத் திட்டுவதானால் நானும் உங்கள் கட்சி. ‘அன்ரெஸ்ட்’ சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சண்டைப் பிரியர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்க்கலாம்.