ஆகாயத்துப் பறவையும் பேலட் கத்தியும்



வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, பறவையைப் படமா வரையுறது பாவமா? வீட்ல கூடாதுங்குறாங்க." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. யாத்திராகமம் 20:4-ஐக் காட்டிப் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போடுகிற விசுவாச வீடுகள் நம்மிடையே உண்டு.

அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். கும்பிடுவதற்காகச் செய்வதையே தேவன் தடுக்கிறார். அதே தேவன் 25-ஆம் அதிகாரத்தில் கேருபீன்களைப் பொன்னினால் செய்யச் சொன்னார். 28-இல் ஆரோனின் அங்கி ஓரத்தில் மாதளம்பழ வேலைப்பாடு. 31-இல் பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினார், எதற்கு? பிரசங்கிக்க அல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கைவேலை செய்ய! ஆவியின் நிறைவு மேடைக்கு மட்டும்தான் என்று யார் நமக்குச் சொன்னது?

நான் வரைவது வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி, நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரைக்கும் வருகிறது. 1994-இல் சரணாலயமான ஊர் அது. பறவைகள் மிரளக் கூடாதென்று பட்டாசு வெடிக்காத ஜனங்கள். எரேமியா 8:7-ஐ அந்தக் குளக்கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். காலம் அறிந்து வருகிற பறவையையும், கர்த்தரின் நியாயத்தை அறியாத ஜனத்தையும் தீர்க்கதரிசி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார்.

இந்த வாத்து 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் மூச்சுக் காற்று மெலிந்து போகும். ஆனாலும் அதன் இரத்தம் பிராணவாயுவை மற்ற வாத்துகளைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும்படி சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறது. 2015-இல் வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: அது உச்சியிலேயே நீடித்துப் பறப்பதில்லை. மலை ஏறினால் ஏறும், பள்ளத்தாக்கு வந்தால் இறங்கும், மறுபடி ஏறும். அடர்ந்த காற்றில் பறப்பது பெலனை மிச்சப்படுத்துகிறதாம். எப்போதும் உன்னத அனுபவத்திலேயே இருக்கவேண்டும் என்று தங்களை வாட்டிக்கொள்கிற சகோதரிகளுக்கு இதை அடிக்கடி சொல்லுவேன். பள்ளத்தாக்கில் இறங்கினது பின்மாற்றம் அல்லம்மா, அதுவும் பயணந்தான்.

சரி, கத்திக்கு வருவோம். பேலட் கத்தி கொத்தனார் கரண்டிக்குத் தம்பி மாதிரி. கூர் கிடையாது, வளைந்து கொடுக்கும். தூரிகை இருந்தால் ஒவ்வொரு இறகாக எண்ணத் தோன்றும். கத்தி அதற்கு விடாது. வெள்ளையோடு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் நல்ல சாம்பல் நிறம். அதைக் கத்தியின் அடியில் வாரி, மார்பிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு. மேடுபள்ளமாக விழுகிற சாயமே இறகாகிவிடும். பிறகு கத்தியைத் துணியில் சுத்தமாகத் துடைத்து, தலைக்கு வெள்ளை. பின்தலையில் இரண்டு கறுப்பு வரி. கத்தி விளிம்பில் துளி கறுப்பு எடுத்து, ஒரே ஒரு தொடுகை. திருத்தப் போனால் வெள்ளையும் கறுப்பும் கலந்து சேறாகும். அலகுக்கும் காலுக்கும் ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கித்தான் இறுகும். தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டினாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். அவசரத்தில் கண்ணாடி போட்டுவிடாதீர்கள்.

கற்க விரும்பும் பிள்ளைகள் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் வரலாம். கான்வாஸ் வாங்க வேண்டாம், கத்தியின் அழுத்தத்துக்கு ஹார்ட்போர்டுதான் நல்லது. பழைய துண்டு போதும். துடைக்கத் துணி மட்டும் நிறையக் கொண்டுவாருங்கள்.