லூபஸ் சிறுநீரகம்: வீக்கம் வடிந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 23. ஆறு மாதத்துக்கு முன் கால் வீங்கியது, சிறுநீர் நுரை நுரையாகப் போனது. பயாப்ஸி செய்து ‘லூபஸ் நெஃப்ரைட்டிஸ், கிளாஸ் 4’ என்றார்கள். ஸ்டீராய்டும் மைகோஃபினோலேட்டும் சாப்பிடுகிறாள். இப்போது வீக்கம் இல்லை, கிரியாட்டினினும் நார்மல். ஆனால் முகம் உப்பிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தாலே அழுகிறாள். மருந்தை நிறுத்திவிட்டு எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் லேகியம் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். வரனும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: மருந்தை நிறுத்தாதீர்கள். அதிலும் ஸ்டீராய்டை நீங்களாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. சில வாரங்களுக்கு மேல் அதைச் சாப்பிட்டவர்களுக்கு, உடம்பில் இயல்பாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

லேகியம் வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோய் அல்ல இது. வேலியே பயிரை மேய்ந்த கதை. உங்கள் மகளின் உடம்பு தன் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உற்பத்தி செய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்ட ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் உண்டு. ஆன்டிபாடிகள் அங்கே போய்ப் படிகின்றன. ‘காம்ப்ளிமென்ட்’ என்ற ரத்தப் புரதங்களைத் தூண்டிவிடுகின்றன. வெள்ளையணுக்கள் திரண்டு வந்து தாக்குகின்றன. அந்த அழற்சியில் வடிகட்டும் சவ்வு பழுதாகி, புரதமும் சிவப்பணுவும் சிறுநீரில் கசிகின்றன. நீங்கள் பார்த்த நுரை அந்தப் புரதம்தான். இந்த நிலையில் எதிர்ப்பு சக்தியை மேலும் தூண்டுவானேன்? போதாததற்கு, லேகியத்தில் பாதரசமோ ஈயமோ கலந்திருந்தால் அது சிறுநீரகத்தை நேரடியாகவே கெடுக்கும்.

கிரியாட்டினின் நார்மல் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கும்போதே அது நார்மலாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது சிறுநீரின் புரதம்-கிரியாட்டினின் விகிதத்தை. மூன்று மாதத்தில் அது கால் பங்காவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதியாக வேண்டும், ஒரு வருடத்தில் 0.5 முதல் 0.7க்குக் கீழே வர வேண்டும். ஆரம்பத்தில் புரதம் மிக அதிகமாகப் போனவர்களுக்கு இன்னும் சில மாதம் கூடுதலாக ஆகலாம். அடுத்துப் பார்ப்பது சி3, சி4. தாக்குதலில் காம்ப்ளிமென்ட் செலவாகிக்கொண்டே இருந்தால் இவை குறைந்து காட்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள். ஒற்றை ரிப்போர்ட்டைவிட, எண்கள் போகும் போக்குதான் எங்களுக்கு உதவும்.

முக உப்பலை அழகுப் பிரச்சினை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. இளம்பெண்கள் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவளையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்: “டோஸை எப்போது, எவ்வளவு குறைப்பீர்கள்?” நோய் அடங்கிவந்தால், ஆறு மாத வாக்கில் தினம் 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவரத்தான் இப்போது முயல்கிறோம். குறைத்த பிறகு முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகும். மைகோஃபினோலேட் போன்ற மருந்துகளுடன் சேர்த்து, சிகிச்சை மொத்தம் மூன்று வருடத்துக்குக் குறையாமல் நீளும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் எழுதியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அதற்கு வருடாந்திரக் கண் பரிசோதனை வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்கு இந்த நோய் தடையில்லை. மறைத்துச் செய்யும் கல்யாணம்தான் எனக்குக் கவலை தருகிறது. புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டிய நிலை வந்தால், சில வேளை டோஸ் தவறும், நோய் திரும்பும். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள். முடிந்தால் டாக்டரிடமும் அழைத்துப்போங்கள். மைகோஃபினோலேட் கருவைப் பாதிக்கும். அதனால் அதைச் சாப்பிடும் வரை கருத்தடை அவசியம். எந்த முறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்கு எல்லா நேரத்திலும் ஏற்றதல்ல. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால், குறைந்தது ஆறு வாரம் முன்பே மைகோஃபினோலேட்டை அசதியோப்ரினுக்கு மாற்றிவிட்டுக் குழந்தைக்குத் திட்டமிடலாம்.

வெயில் லூபஸைக் கிளறும்; குடையும் முழுக்கைச் சட்டையும் பழகட்டும். உப்பு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

ஸ்டீராய்டும் மைகோஃபினோலேட்டும் எதிர்ப்பு சக்தியை அடக்குவதால் தொற்று எளிதில் வரலாம். அதனால் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் டி.பி. பரிசோதனை கேளுங்கள். எந்தத் தடுப்பூசியானாலும், போடுபவரிடம் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை முதலில் காட்டுங்கள். உயிருள்ள கிருமியிலிருந்து தயாரித்த ஊசிகள் இப்போது அவளுக்குக் கூடாது.