இளைஞர் குற்றமும் எமது பிரதேச அபிவிருத்தியும்

அபிவிருத்தி என்றதும் காபற் வீதியையும் புதிய கட்டடங்களையுமே நாம் சுட்டிக்காட்டுகிறோம். 2009 இல் இறுதி யுத்தத்தைக் கண்ட புதுக்குடியிருப்பில் இவை மீண்டும் எழுந்துவிட்டன. இவற்றால் பயன்பெற வேண்டிய இளைஞர்களில் சிலரோ வேறு வழியில் போகிறார்கள்.

வன்னியில் பழைய வியாதி கசிப்பு. சீனி, ஈஸ்ட், தண்ணீர் சேர்த்த கோடாவைக் காட்டோரத்தில் புளிக்கவைத்துக் காய்ச்சுவார்கள். காய்ச்சுவிப்பவர் பெரியவர். கேனைச் சுமப்பவன் பல வேளை பாடசாலையை விட்டு இடைவிலகிய பையன். பிடிபடுவதும் அவன்தான். தண்டப்பணம் கட்டத் தாய் நுண்கடன் எடுத்தால், அந்தக் கடன் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும். பின்னாளில் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது பழைய வழக்கு குறுக்கே நிற்கும்.

ஐஸ் போதைப்பொருள் இதைவிடக் கொடியது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவு!

மாணவிகளாகிய எமக்கு இன்னொரு இழப்பும் உண்டு. சந்தியில் வாள்வெட்டு என்று கேள்விப்பட்டால், மறுநாள் மாலை வகுப்புக்கு எம்மை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். குற்றம் செய்தவன் வெளியில் திரிய, அடைபட்டிருப்பது நாங்கள்.

கோடாவை ஊற்றி அழிப்பது மட்டும் போதாது என்பதே என் கருத்து. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வீதி, வடிகான் பற்றிப் பேசுவதைப் போலவே, இவ்வருடம் இடைவிலகியவர்கள் யார், அவர்களை எந்தத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம் என்றும் பேச வேண்டும்.