இயற்கை இட்ட திரை: மாதிரிப் புகையிரதத்துக்கு நிலையந் தெரிதல்

மாதிரிப் புகையிரதம் என்றதும் அது சிறுவர் விளையாட்டுப் பொருளெனவே பலர் எண்ணுவர். சாவி கொடுத்தால் வட்டமிட்டோடும் தகரவண்டி அவர்தம் நினைவில் நிற்பதே அதற்குக் காரணமாகும். ஆயின், மெய்யான ஒரு நிலையத்தைத் தேர்ந்து, அதன் கட்டடம், தண்டவாளம், கைகாட்டி, மரஞ்செடி ஆகிய யாவற்றையும் ஓரளவுப்படி குறுக்கி அமைப்பது கணிதமும் புவியியலும் வரலாறும் கைத்திறனும் ஒருங்கே வேண்டிநிற்கும் ஒரு கலை. இக்கலையிற் புகுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா, எந்த எஞ்சினை வாங்குவது என்பதன்று. எந்த நிலையத்தைத் தெரிவது என்பதே. அவ்வினாவுக்கு விடை காணும் வழியொன்றை ஈண்டு ஆராய்வோம்.

அளவும் இடமும்

இங்கிலாந்திற் பெருவழக்காயுள்ள அளவு, மெய்யுலகின் ஓரடியை 4 மில்லிமீற்றராகக் குறுக்குவது. அஃதாவது, ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. இவ்வளவில் ஒரு மைல் 69 அடிக்குச் சற்று மேலாகும். அத்துணை நீண்ட அறை எவர் வீட்டில் உளது? பன்னிரண்டடி நீளமுள்ள அறையொன்றின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை அடங்குவது மெய்யுலகின் 914 அடி மட்டுமே. மைலின் ஆறிலொரு பங்குக்குச் சிறிது கூடிய அந்நீளத்துக்குள் ஒரு நிலையம் அடங்கலாம். அதற்கு அப்பாலுள்ள வழி அடங்காது. எனவே, மாதிரி அமைப்போர் எவரும் வழியின் ஒரு துண்டையே வெட்டியெடுத்து நம்முன் வைக்கின்றனர். வெட்டிய முனைகளை என் செய்வது என்பதே இக்கலையின் தீராத சிக்கலாகும்.

வண்டி எங்கிருந்தோ வரவேண்டும். எங்கோ போகவும் வேண்டும். அதற்காகப் பலகையின் ஓரத்துக்கப்பால் வண்டிகள் காத்துநிற்கும் மறைவிடம் ஒன்று அமைப்பர். கண்ணுக்குத் தெரியும் பகுதி அரங்கம் எனின், இம்மறைவிடம் ஒப்பனை அறை எனலாம். நம் நாட்டுக்கூத்திலே அரசன் வரவின்போது இருவர் வெள்ளைச் சீலையொன்றைப் பிடித்து நிற்பதை நாம் அறிவோம். அச்சீலையின் தொழிலை மாதிரிப் பாதையிற் செய்வது எதுவோ, அதனைக் காட்சி மறைப்பு என்று அழைப்போம். சுரங்கப்பாதை, வீதிப்பாலம், உயர்ந்த மதில், அடர்ந்த மரக்கூட்டம் முதலியன அத்தகையன.

பொய்ம்மலையின் குற்றம்

புதிதாய்ப் புகுவோர் பெரும்பாலும் இவ்விடத்தேதான் தவறுவர். சமதரையிற் கிடக்கும் ஒரு நிலையத்தைத் தெரிந்து, அதனைப் பழுதறச் செய்து முடித்தபின், வண்டி மறைய வழியில்லையே என்று பலகையின் இரு மூலையிலும் இரண்டு குன்றுகளை நிறுவிச் சுரங்கம் குடைவர். அக்குன்றோ தண்டவாளத்தின்மேற் கவிழ்த்த சட்டிபோல் நிற்கும். பார்ப்போன் குற்றத்தை எடுத்துரைக்க அறியாதவனாயினும் ஏதோ பொருந்தவில்லை என்பதை அக்கணமே உணர்வான்.

குற்றம் யாதெனில், எந்தப் பொறியியலாளனும் காரணமின்றி மலையைக் குடைவதில்லை. சுற்றிச் செல்ல இயலுமாயின் சுற்றிச் செல்வான். மேலிருந்து மண்ணை வெட்ட இயலுமாயின் வெட்டுவான். வெட்டும் ஆழம் ஏறக்குறைய 60 அடியைக் கடக்கும்போதே சுரங்கம் செலவு குறைந்ததாகும் என்பது பழைய பொறியியலார் கைக்கொண்ட பொதுக்கணக்கு. அறுபதடி நமது அளவில் ஒன்பதரை அங்குலம். ஆகவே, தண்டவாளத்துக்கு மேல் நான்கைந்து அங்குலமே உயர்ந்து நிற்கும் குன்று, தன் பொய்மையைத் தானே பறைசாற்றுகின்றது.

இக்குற்றத்தைப் பின்னர் மறைக்க முயல்வதிலும் முன்னரே தவிர்ப்பது நன்று. இயற்கையோ, அன்றி மனிதர் தேவையோ தாமாகவே திரையிட்டு வைத்த நிலையங்கள் உலகிற் பல உள. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தால், வெட்டிய முனையே மெய்யான முனையாகிவிடும். இதனை விளக்க மூன்று நிலையங்களைக் காண்போம்.

வென்ற்னர்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவில், றைட் நகரிலிருந்து வந்த பாதை 1866இல் வென்ற்னரை அடைந்தது. கடலோரத்தில் இருந்த அவ்வூரை செயின்ற் பொனிபேஸ் என்னும் சுண்ணக்குன்று வடபுறத்தே மறித்து நின்றது. அதனூடே ஏறக்குறைய முக்கால் மைல் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்தனர். அச்சுரங்கத்தின் வாயிலிலேயே, குன்றின் சரிவிற் கல்வெட்டிய ஒரு குழிவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 300 அடி உயரத்தில் நிலையத்தை அமைத்தனர்.

மாதிரி அமைப்போர்க்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. ஒருபுறம் பாதை முடிகின்றது. மறுபுறம் சுரங்கம் விழுங்குகின்றது. பின்புறத்தே செங்குத்தான சுண்ணப்பாறை. நிலையத்துக்குட் புகும் வழி ஒன்றேயாதலின் மறைவிடமும் ஒன்றே போதும். வண்டிகளும் குறுகியன, சிறிய எஞ்சின்களே அவற்றை இழுத்தன. இங்கு அமைப்போன் எதனையும் புனைய வேண்டியதில்லை. குன்று இருந்தது, சுரங்கம் இருந்தது, வண்டி அதனுள் மறைந்தது. 1966 ஏப்பிரிலில் அந்நிலையம் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று தொழிற்கூடங்கள் நிற்கின்றன. எனினும் பலருடைய பலகைகளில் அது மீண்டும் மீண்டும் எழுந்துகொண்டேயிருக்கின்றது.

கிங்ஸ் குறொஸ்

மலையே இல்லாத மாநகரிலும் இத்தகைய திரை அமைதலுண்டு. இலண்டனின் வடபுறத்தே றீஜன்ற் கால்வாய் 1820இலேயே வெட்டி முடிக்கப்பட்டது. பின்னர் வந்த புகையிரதக் கம்பனிகள் அதனைக் கீழாகவோ மேலாகவோ கடக்க நேர்ந்தது. 1852இல் திறக்கப்பட்ட கிங்ஸ் குறொஸ் நிலையத்துக்கு வரும் பாதை கால்வாயின் கீழே சென்றது. அதனால் மேடைகளுக்குச் சற்று அப்பாலே சுரங்கவாயில் அமைந்தது. அதன் அயலிலே 1868இல் திறக்கப்பட்ட செயின்ற் பாங்கிறாஸ் நிலையத்தின் பாதையோ கால்வாயின் மேலே சென்றது. அதனால் அந்நிலையத்தின் மேடைகள் வீதிமட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. ஒரே கால்வாய் அயலயலான இரு நிலையங்களுக்கு இரு வேறு உருவங்களைத் தந்தது. மறைப்பு எதுவாயினும் அதற்கொரு காரணம் உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கிங்ஸ் குறொஸ் முழுவதையும் வீட்டில் அமைத்தல் எளிதன்று. ஆயின் அதன் பாடத்தைச் சிறிய அளவிலும் கைக்கொள்ளலாம். சிறில் பிறீசர் என்பார் 1957இல் "றெயில்வே மொடலர்" என்னும் சஞ்சிகையில் "மினறீஸ்" எனும் பெயரால் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். நகரத்து மதில்களிடையே தாழ்ந்து கிடக்கும் ஒரு சிறு முடிவு நிலையம் அது. ஏறக்குறைய ஏழடி நீளத்துள் அடங்குவது. அது கற்பனை நிலையமாயினும் அதன் மதில்கள் கற்பனையல்ல. நெருங்கிய நகரத்திலே பாதைகள் அவ்வாறுதான் கிடக்கின்றன. அவ்வரைபடம் இன்றும் பின்பற்றப்படுவதற்கு அதுவே காரணம் எனலாம்.

தெமோதரை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலைநாட்டுப் பாதை 1924இற் பதுளையை அடைந்தது. எல்லைக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள தெமோதரை நிலையத்தை விட்டு இறங்கும் பாதை, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் விட்டுவந்த நிலையத்தின் கீழாகவே ஒரு சுரங்கத்திற் புகுந்து வெளிப்படுகின்றது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வழி தோன்றிற்று என்பது வாய்வழிக் கதை. கதை எவ்வாறாயினும், செங்குத்தான இறக்கத்தைக் குறுகிய இடத்தில் மென்மையாக்குவதே அச்சுற்றின் நோக்கம்.

இந்நிலையத்தின் சிறப்பு மாதிரி அமைப்போர்க்கு இருமடங்காகும். நிலையத்தை விட்டகன்ற வண்டி குன்றின் பின்னே மறைகின்றது. சிறிது நேரங்கழித்துக் கீழேயுள்ள சுரங்கவாயிலில் தோன்றுகின்றது. மெய்யுலகிலும் முன்னே நிற்பவன் காண்பது அதுவேயன்றோ? மறையும் இடம் மட்டுமன்று, மறைந்திருக்கும் நேரமும் மெய்யாகின்றது.

கணக்கும் ஒத்துவருகின்றது. மலைநாட்டுப் பாதையின் கடுஞ்சரிவு 44 அடிக்கு ஓரடி. மேற்பாதைக்குக் கீழே வண்டி தடையின்றிச் செல்ல மூன்று அங்குல இறக்கம் வேண்டுமெனக் கொண்டால், 132 அங்குல நீளப்பாதை வேண்டும். 21 அங்குல ஆரையுள்ள வட்டத்தின் சுற்றளவு அதுவே. மெய்ப்பாதையின் கடும்வளைவு ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி ஆரை. அதனை அளவுப்படி குறுக்கினால் நான்கடி நான்கங்குலம் வரும். நாம் இடம் கருதி வளைவை இறுக்கினும், இறுக்கிய பகுதி குன்றின் பின்னேயே கிடத்தலாற் கண்ணை உறுத்தாது. மற்றுமொன்று கருத வேண்டும். நமது அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம். 4 மில்லிமீற்றர் அளவில் அது 22 மில்லிமீற்றர். கடையில் விற்கும் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீற்றர் அகலமே. கையாலே தண்டவாளம் அமைக்கும் பொறுமை உடையோர் 22இனையே கொள்க.

சமதரையில் என் செய்வது?

வடபுலத்தார் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புவர். எம்மூரில் மலையுமில்லை, சுரங்கமுமில்லை. ஆகவே எம் நிலையங்களை நாம் அமைத்தல் கூடாதோ? கூடும். ஆயின் அதற்குரிய திரையை அம்மண்ணிலேயே தேடல் வேண்டும்.

காங்கேசன்துறையிற் பாதை கடலோரத்தில் முடிகின்றது. ஆகவே ஒரு முனைக்கு மறைப்பே வேண்டா. மறுமுனைக்குப் பனங்கூடல் உண்டு. அறுபதடிப் பனை நமது அளவில் ஒன்பதரை அங்குலம். சுரங்கத்துக்கு வேண்டிய குன்றின் உயரத்துக்கு அது குறைந்ததன்று. மரங்களை ஒரே வரிசையில் நடாது முன்பின்னாக நட்டு, பாதையைச் சற்றே வளைத்து அவற்றின் பின்னே செலுத்தினால், வண்டி சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையும். பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகளும், ஒழுங்கையைக் கடக்கும் புகையிரதக் கடவையும் அதற்குத் துணைசெய்யும். பலகையைத் தரையிலிருந்து நான்கடிக்குக் குறையாத உயரத்தில் வைத்தல் வேண்டும். மேலிருந்து நோக்குவோனுக்கு எம்மரமும் மறைப்பாகாது. அருகிருந்து மட்டமாய் நோக்குவோனுக்கு வேலியும் மறைப்பாகும்.

இத்தகைய முயற்சிக்கு வடபுலத்தில் வேறொரு தேவையும் உளது. 1905இற் கொழும்போடு யாழ்ப்பாணத்தை இணைத்த பாதையில் 1956இல் யாழ்தேவி ஓடத்தொடங்கியது. போரினால் 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, நிலையங்கள் சிதைந்தன. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டது. மீண்டது புதிய பாதை. பழைய நிலையங்களின் பக்கப்பாதைகள் எவ்வாறு பிரிந்தன, சாமான் கொட்டகை எப்புறம் நின்றது, மேடையோரத்தில் எம்மரம் நிழல் தந்தது என்பனவற்றை அறிந்தோர் இன்று முதியோர். வென்ற்னரின் அளவுகளும் படங்களும் காக்கப்பட்டமையாலன்றோ மூடிய நிலையம் பலகைகளில் உயிர்பெறுகின்றது? நம்மவர் நினைவும் தாளில் ஏறாவிடின் அவரோடே மறையும். அம்மறைவை எத்திரையாலும் அழகாக்க இயலாது.

தெரியுமுன் கேட்கவேண்டியவை

ஆகவே, நிலையமொன்றைத் தெரியுமுன் ஐந்து வினாக்களைக் கேட்டல் வேண்டும். முதலாவது, பாதையின் இரு முனைகளிலும் கண்ணை மறிப்பது எது? இரண்டாவது, அம்மறைப்பு அங்கு நிற்பதற்குக் காரணம் யாது? மூன்றாவது, இரு மறைப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் நம் அறையில் அடங்குமோ? நான்காவது, பார்ப்போன் எப்புறத்தே எவ்வுயரத்தில் நிற்பான்? ஐந்தாவது, அங்கு ஓடிய வண்டியின் நீளம் நமது மறைவிடத்துக்குப் பொருந்துமோ? இவ்வைந்துக்கும் விடை தருவதே தக்க நிலையம். பெரியதும் புகழ்பெற்றதும் ஆகிய நிலையம் தக்கதாகவேண்டும் என்பதில்லை.

விடை காணப் படமும் வரைபடமும் உதவும். நேரிற் சென்று காண்பது இன்னும் உதவும். மேடையிலும் வீதியிலும் நின்று அடியளந்து குறித்தல் போதும். தண்டவாளத்தில் இறங்குதல் ஆபத்தும் சட்டவிரோதமுமாம்.

எல்லையில்லாத பாதையை எவராலும் அமைத்தல் இயலாது. எங்கே நிறுத்துவது என்பதை அறிந்து, அவ்வெல்லை மெய்யாகவே அமைந்த இடத்தைத் தேடுவோனே பொய்யின்றி அமைப்பான். கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி ஓராண்டில் ஒரு சிறு நிலையத்தை அமைத்தல் இயலாத செயலன்று. அளவெடுக்கும் பணி மாணவருடையதாகுக. நினைவைத் தரும் பணி பழைய மாணவருடையதாகுக. தாம் ஏறியிறங்கிய நிலையத்தின் பழைய படம் ஒன்றையோ, கையால் வரைந்த குறிப்பொன்றையோ அவர்கள் இளையோர் கையில் இன்றே சேர்ப்பித்தல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.