பழையதைத் தேடும் தம்பிமாருக்கு

சனிக்கிழமைகளில் பதுளையில் என் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவார்கள். தேயிலை ஸ்டோரில் 32 வருடம் பிட்டராக வேலை செய்த கை சும்மா இருக்க மறுக்கிறது. பழுதாகிக் கிடக்கும் பழைய சாமான்களைச் சீராக்குவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறேன்.

போன மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி உரச்சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால், ஒரு பழைய .303 ரைபிளின் பின்கட்டை. குழல் இல்லை. பங்களாவின் பழைய சாமான் அறையை இடித்தபோது கிடைத்ததாம். அடியில் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்னக் கதவு. எண்ணெய்ச் சீசாவும் குழல் துடைக்கும் கயிறும் வைக்கிற பொந்து அது. கட்டையின் பக்கவாட்டில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பித்தளை வட்டு. எந்தப் படையின் துவக்கு என்று அதில்தான் பொறித்திருப்பார்கள். தம்பி போனில் வீடியோ பார்த்து, உப்புத்தாள் போட்டு அதைப் பொன் மாதிரி தேய்த்து வைத்திருந்தான். ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை.

“எல்லயில வெள்ளைக்காரங்களுக்கு வித்தா லட்சக்கணக்குல போகும்னு அப்பா சொன்னாரு, மாமா” என்றான்.

தகப்பனையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. கையில் நல்ல பதம் இருக்கிறது. அதை எதில் செலவழிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய சாமான் சேர்த்துச் சீராக்க நினைப்பவருக்கு நம் ஊரில் என்னென்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவர் மணிக்கூடு, தையல் மெசின், சைக்கிள், பெற்றோமக்ஸ் விளக்கு, தோட்டத்துக் காகிதங்கள், பழைய கார். காருக்குப் பணம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது சரிவராது. ஸ்டோர் இயந்திரங்களையும் விட்டுவிடுங்கள். பெல்பாஸ்ட் டேவிட்சனின் சிரோக்கோ அடுப்பையோ ஜக்சன் உருட்டு மெசினையோ லயத்துக் காம்பராவில் வைக்க முடியாது. பார்க்க ஆசையென்றால் கண்டி ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

துவக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஊவாவின் கதையில் துவக்கு நிறைய இருக்கிறது. 1817இல் கலகத்தை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிபொல, அவர்கள் கொடுத்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டுக் கலகக்காரரோடு சேர்ந்தார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். டவுனில் இருக்கும் சென் மார்க் தேவாலயம் அவர் ஞாபகமாகக் கட்டியதுதான். போயர் யுத்தக் கைதிகளை 1900இல் தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்தார்கள். அதே வருடம் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று ஒரு ரைபிள் படை தொடங்கி, முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்போலிக்கும் போனார்கள். 1949இல் அந்தப் படையைக் கலைத்தார்கள். முழுக்க வெள்ளைக்காரர் படை அது. அந்தத் துவக்கை நம் பாட்டன்மார் தூரத்தில் நின்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

துவக்கைச் சீராக்குவதைக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசாங்கங்கள் கழித்த ரைபிள்கள் அங்கே கப்பல் கப்பலாக இறங்கின. சில பத்து டொலருக்குத் தபாலிலேயே வாங்கலாம் என்ற நிலை 1968இல் சட்டம் வரும்வரை இருந்தது. அந்த நாட்டுப் பொழுதுபோக்கு அது. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரமில்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது. இருக்கிற பத்திரத்தையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பன்றி விரட்ட விவசாயிக்குக் கிடைக்கும் அனுமதியைக் காட்டி உங்கள் பொழுதுபோக்கை நடத்த முடியாது. 1971 ஏப்ரலில் வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கியதிலிருந்து எத்தனையோ பார்த்த நாடு இது. “சுடாத பழசுதானே சேர்” என்று நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதுவும் தோட்டத்துத் தமிழ்ப் பையன் சொன்னால்.

வேலையாகப் பார்த்தாலும் அது கற்றுக்கொள்பவனுக்கு ஏற்றதில்லை. பழைய ரவையின் கேப்பில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கி, மலைக்குளிரின் ஈரத்தை இழுத்து, உள்ளேயே அரித்திருக்கும். வெளியே எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிவிடலாம்; உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவி உங்களிடம் இல்லை. எங்கள் பெரியப்பா பன்றி வேட்டைக்கு ஓர் இடியன் துவக்கைத் தானே சீராக்கினார். இரண்டாவது வெடியில் குழல் பிளந்து, இடது கையில் மூன்று விரல் போனது. மட்டக்கொழுந்துக் கூடையை மற்றக் கையால் தூக்கிக்கொண்டு அவர் படியேறி வருவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். நான் நடுநிலையோடு பேசவில்லை என்று யாராவது சொன்னால், ஆமாம், இல்லைதான்.

துவக்கின் வேலைப்பாடுதான் பிடித்திருக்கிறது என்பவர்கள் ஒரு பழைய பிஎஸ்ஏ சைக்கிளைத் தேடுங்கள். ரைபிள் செய்த அதே பர்மிங்காம் கம்பெனிதான் சைக்கிளும் செய்தது. முத்திரையைக் கவனித்தால் மூன்று துவக்குகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பது தெரியும். அதே கை, அதே கணக்கு. அதை வைத்திருந்தால் யாரும் தேடி வர மாட்டார்கள்.

மணிக்கூட்டில் ஒரு விஷயம்தான். வில்லின் முறுக்கைத் தளர்த்தாமல் தகட்டைக் கழற்றாதீர்கள்; விரலைக் கிழித்துவிடும். கண் கூர்மையும் நடுங்காத கையும் உள்ளவருக்கு அது நல்ல வழி.

காகிதம் சேர்ப்பதென்றால் சீராக்கவே கூடாது. தோட்டத்தைவிட்டுத் தோட்டம் போகப் கடன்சீட்டாக எழுதிக் கொடுத்த துண்டு, இந்தியாவிலிருந்து வந்தவர் கழுத்தில் கட்டிய தகரத் துண்டு, பேர் பதிந்த புத்தகம் எல்லாம் கிடைத்தபடியே இருக்கட்டும். தகரத்தைத் தேய்க்காதீர்கள், காகிதத்தை லெமினேட் பண்ணாதீர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்ட ஒரு காகிதத்துக்காக நம்மவர்கள் எத்தனை கந்தோர்களுக்கு அலைந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு தொடுங்கள்.

என் மனம் நிற்பது தையல் மெசினில். எங்கள் அம்மா பிரட்டுக்குப் போய் வந்து இரவில் லாம்பு வெளிச்சத்தில் சிங்கர் மெசினில் தைத்துத்தான் எனக்குப் பள்ளிக்கூட உடுப்புப் போட்டார். 1877இலிருந்து இந்த நாட்டில் சிங்கர் இருக்கிறது. லயங்களில் இன்னும் எத்தனையோ மெசின்கள் துணி மூடிக் கிடக்கின்றன. பழைய மாதிரிகளில் ரவை போல நீண்ட நாடா இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் அது ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நூலைக் கோத்துப் போகும். என் தாழ்வாரத்தில் இதைப் பார்த்து வாயைப் பிளக்காத பிள்ளை இல்லை. உடம்பில் தங்கநிறச் சித்திரம் இருக்கும். அதன்மேல் அரக்குப் பூச்சு இருப்பதால் ஸ்பிரிட் பட்டால் சித்திரம் கரைந்து போகும். மெசின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். இறுகிப்போன மெசினுக்கு எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு மூடி வையுங்கள். மறுநாள் இன்னொரு சொட்டு. சிலது ஒரு வாரம் எடுக்கும். சுத்தியலை எடுத்தால் வார்ப்பு உடையும்.

அந்த ஒரு வாரம் காத்திருக்க முடிகிறதா என்பதில் உங்கள் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே விளங்கிவிடும். கூட்டாளி செய்கிறான் என்றோ அப்பா எல்லயில் கடை போடச் சொல்கிறார் என்றோ தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். பெற்றோரே, பிள்ளையின் கை எதை நாடுகிறது என்று ஒரு வருடமாவது பாருங்கள். காசு பிறகு வரும், வராமலும் போகலாம்.

பசறைத் தம்பி இப்போது ஒரு மெசினோடு உட்கார்ந்திருக்கிறான். நாலாவது நாள், இன்னும் அசையவில்லை, அவனும் எழும்பவில்லை.

வீட்டில் மெசின் இருந்தால், பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன், அதன் அடித்தட்டில் பொறித்திருக்கும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெறும் எண்ணாக, முன்னால் எழுத்து இல்லாமல் இருந்தால், சிங்கர் மெசினென்றால், அது 1900க்கு முந்தியது. யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் என்று அம்மாயியிடமோ அப்பாயியிடமோ கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். துவக்கு கிடைத்தால் தொடாமல் கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.