மூட்டுக் காயமும் வெப்ப ஒற்றடமும்

விளையாட்டுக் களத்திலே கணுக்கால் பிரண்டு விழுந்த மாணவனைத் தூக்கி வந்து கிடத்தியவுடன், "வெந்நீர் கொண்டு வாருங்கள்" என்னும் குரல் எழுவதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அன்பினால் எழும் குரலே அது. ஆயினும் அவ்வேளையில் வெந்நீர் நன்மை செய்யாதது மட்டுமன்று, தீங்கும் செய்யும்.

மூட்டிலே எலும்புகளைப் பிணைத்து நிற்பன இணையங்கள் எனப்படும் வலிய நார்க்கட்டுக்கள். மூட்டு அளவுக்கு மீறித் திரும்பும்போது இவை இழுபடும், அல்லது கிழியும். நுண்ணிய குருதிக்குழாய்களும் உடன் அறுபடுதலால் குருதியும் நீரும் கசிந்து வீக்கம் உண்டாகின்றது. வெப்பமோ குருதிக்குழாய்களை விரியச் செய்வது. எனவே முதல் 48 மணி நேரம், வீக்கம் மிகுதியாயின் 72 மணி நேரம் வரை, சூடு காட்டலாகாது. குளிர்ந்த ஒற்றடமும், கட்டும், காலை உயர்த்தி வைத்தலுமே அப்போது தகுவன. நாலடி நடக்க இயலாவிடினும், கணுவெலும்பைத் தொட்டவிடத்துக் கடுநோவு இருப்பினும் முறிவை ஐயுற்று எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பித்தல் வேண்டும்.

வீக்கம் வடிந்தபின் நோவு குறையும். இறுக்கமோ எஞ்சி நிற்கும். நோவுக்கு அஞ்சி அசைக்காது விட்ட மூட்டு மேலும் இறுகும். பந்தெறிந்த தோள் தலைக்கு மேல் உயராது நின்றுவிடுவதும், மடங்காத முழங்காலுடன் ஒருவர் காலங்கழிப்பதும் இவ்வாறே. வெப்பத்தின் காலம் இதுதான். நார்களிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். 1970இல் லேமன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் எலியின் வால் நார்களை 45 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி இழுத்தபோது, சூடாக்காது இழுத்தவற்றினும் அவை மிகுதியாய் நீண்டு, அந்நீட்சியிற் பெரும்பங்கைப் பின்னரும் தக்கவைத்தன. வெப்பத்தால் நோவு தணிதலும் தசைப்பிடிப்பு நெகிழ்தலும் யாவரும் அறிந்தனவே.

'ஒற்றுதல்' என்பதன் வழி வந்த ஒற்றடத்தைப் பேச்சிலே ஒத்தடம் என்போம். வறுத்த உப்பு, தவிடு, வதக்கிய நொச்சியிலை ஆகியவற்றைத் துணியிற் பொட்டளியாக்கி ஒற்றுவது நம் வீட்டு வழக்கம். இயன்மருத்துவர் உருக்கிய பரபின் மெழுகிலே கையைத் தோய்ப்பிப்பர். ஏறத்தாழ 52 பாகைச் சூட்டிலும் அது கையைச் சுடாமை வியப்பே. நீரினும் மெல்லவே மெழுகு தன் வெப்பத்தைத் தோலுக்குக் கொடுக்கும். இத்தகைய வெப்பம் ஓரிரு சதமமீற்றர் ஆழமே செல்லுமாதலின் விரலுக்கும் கணுக்காலுக்கும் பயன்படும். இடுப்பு மூட்டை எட்டாது.

ஒருமுறைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய காலுக்கும், திறந்த புண்ணுக்கும், காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டுக்கும் சூடு ஆகாது. உணர்ச்சியற்ற கால் வெந்தபின்பே அறியும்.

ஒற்றடம் எடுத்தபின் போர்த்துப் படுத்துவிடுவோர் பாதிப்பயனை இழக்கின்றனர். சூடு ஆறுமுன் மூட்டை மெல்ல நீட்டி மடக்குதல் வேண்டும். கணுக்காலுக்கு ஒரு பயிற்சி: நாற்காலியிலிருந்து, காலைச் சற்றுத் தூக்கி, பெருவிரல் நுனியால் அகரம் முதலாக எழுத்துக்களைக் காற்றிலே எழுதுக. தமிழாசிரியர் என்பதாற் சொல்கின்றோமல்லேம். வளைவும் சுழியும் மிக்க நம் எழுத்துக்கள் கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்பிவிடும்.